டைவ் கம்ப்யூட்டருக்கு உங்களைத் தெரியாது

“கம்ப்யூட்டர் காட்டிய நேரத்தை நான் மீறவே இல்லையே, எனக்கு எப்படி வரும்?” ஸ்கூபா முடித்துக் கரையேறிய சில மணி நேரத்தில் தோள் மூட்டில் வலி கண்டவர்கள் கேட்கும் கேள்வி இது. அழுத்தக் குறைவு நோயை, விதியை மீறியவர்களுக்கு வரும் தண்டனையாகவே நாம் நினைத்து வைத்திருக்கிறோம். அரிதாகத்தான் என்றாலும், விதிப்படி முக்குளித்தவர்களுக்கும் அது வருகிறது. புதுச்சேரியிலும் அந்தமானிலும் திருகோணமலையிலும் ஸ்கூபா கற்றுக்கொள்கிறவர்கள் டிகம்ப்ரஷன் கோட்பாட்டைத் தேர்வுக்காகப் படித்துவிட்டு, மணிக்கட்டில் கட்டிய கருவியிடம் மிச்சத்தை ஒப்படைத்துவிடுகிறார்கள். கருவி எதைக் கணக்கிடுகிறது, எதை விட்டுவிடுகிறது என்பது தெரியாவிட்டால், வலி வரும்போது ‘இது அதுவாக இருக்காது’ என்று நாமே தள்ளிப்போட்டுவிடுவோம். இந்த நோயில் அந்தத் தாமதம்தான் அதிகக் கெடுதல் செய்கிறது.

நைட்ரஜன் எங்கே போகிறது

கடல் மட்டத்தில் நம் மேல் இருப்பது 1 வளிமண்டல அழுத்தம். தண்ணீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னும் ஒன்று கூடும். 30 மீட்டர் ஆழத்தில் அது 4. அந்த ஆழத்தில் ரெகுலேட்டர் தரும் காற்றும் அதே அழுத்தத்தில்தான் வரும். காற்றில் உள்ள ஆக்ஸிஜனை உடல் செலவழித்துக்கொள்ளும். ஏறக்குறைய 79 சதவீதம் இருக்கும் நைட்ரஜனால் உடலுக்கு ஒரு பயனும் இல்லை. அது இரத்தத்தில் கரைந்து, தசை, கொழுப்பு, நரம்பு என்று பரவித் தங்கிவிடும். மேலே வரும்போது அழுத்தம் குறைய, வந்த வழியே நுரையீரலுக்குத் திரும்பி வெளியேற வேண்டும். அதற்கு நேரம் கொடுக்காமல் ஏறினால் கரைந்த வாயு குமிழியாகிவிடும்.

கோலி சோடாவை உடைத்தால் பொங்குகிறதே, அதைத்தான் எல்லாரும் உதாரணம் சொல்வார்கள். அது பாதிதான் பொருந்தும். சோடாவின் குமிழி வெளியே போய்விடும். உடலுக்குள் உண்டாகும் எல்லாக் குமிழிக்கும் அப்படிப் போக்கிடம் இல்லை. மூட்டருகே சிக்கினால் வலி. முதுகுத் தண்டில் சிக்கினால் கால் மரத்துப்போகும், சிறுநீர் கழிக்க முடியாமல்கூடப் போகலாம். இரத்தக் குழாயின் உட்சுவரை உரசிக் காயப்படுத்தி அழற்சியையும் உறைவையும் தூண்டிவிடும். குமிழி கரைந்த பிறகும் நோய் நீடிப்பதற்கு இதுவே காரணம்.

இது கடலுக்கு மட்டும் உரிய நோய் அல்ல. நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு அஸ்திவாரம் போட, ஆற்றடியில் அழுத்தக் காற்று நிரப்பிய பெட்டிகளுக்குள் இறங்கி வேலை செய்த தொழிலாளர்கள் இதே நோயால் முடங்கினார்கள். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங்கும் 1872-இல் படுத்தார். அதன் பிறகு அவருடைய உத்தரவுகளை வேலையிடத்துக்கு எடுத்துச் சென்றவர் மனைவி எமிலி. குமிழிகள் நைட்ரஜனால் ஆனவை என்று பிரெஞ்சு உடலியலாளர் பால் பேர் 1878-இல் எழுதிய பெரிய நூலில் நிறுவினார்.

ஆடுகளிடமிருந்து வந்த கணக்கு

நோய் ஏன் வருகிறது என்பது தெரிந்துவிட்டது. எவ்வளவு மெதுவாக ஏறினால் வராது? இதற்கு முதலில் கணக்குப் போட்டவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரிட்டிஷ் கடற்படைக்காக லண்டன் லிஸ்டர் நிறுவனத்தில் ஆடுகளை அழுத்த அறைக்குள் வைத்துச் சோதித்தார். ஆட்டுக்கு மூட்டில் வலி வந்தால் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். வாய் பேசாத பிராணியிடம் இதைவிடத் தெளிவான அறிகுறி கிடைக்காது. 2 வளிமண்டலத்தில் எவ்வளவு நேரம் இருந்தாலும் 1-க்குச் சட்டென்று இறக்கினால் ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்படியானால் 4-இலிருந்து 2-க்கும், 6-இலிருந்து 3-க்கும் வரலாம் என்று முடிவு கட்டினார். பாதியாகும் வரை விரைவாக ஏறு, பிறகு நிலை நிலையாக நின்று ஏறு. பாய்காட், டேமன்ட் இருவரோடும் சேர்ந்து 1908-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இருந்துதான் இன்றைய அட்டவணைகளின் வம்சம் தொடங்குகிறது.

அவர் செய்த இன்னொரு காரியம் இதைவிடப் பெரியது. உடலை ஒரே பாத்திரமாகப் பார்க்காமல் ஐந்து ‘திசு’க்களாகப் பிரித்தார். ஒவ்வொன்றும் பாதி நிரம்ப எடுக்கும் நேரம் 5, 10, 20, 40, 75 நிமிடங்கள். 30 மீட்டரில் 20 நிமிடம் இருந்தவரை எடுத்துக்கொள்வோம். அங்கே சுவாசிக்கும் நைட்ரஜனின் அழுத்தம் தோராயமாக 3.16 வளிமண்டலம், இறங்கும்போது உடலில் இருந்தது 0.79. இருபது நிமிடத்தில் 5 நிமிடத் திசு 3.01 வரை நிரம்பிவிடும். 20 நிமிடத் திசு சரியாகப் பாதிவழி, 1.98. 75 நிமிடத் திசுவில் 1.19 மட்டுமே. ஒரே உடல், ஒரே முக்குளிப்பு, மூன்று வெவ்வேறு நிலைமைகள். மேலே வந்ததும் வேகமான திசு வேகமாகக் காலியாகும். மெதுவானது அடுத்த முக்குளிப்புக்கும் அதற்கடுத்ததற்கும் பாக்கியைச் சுமந்துகொண்டே போகும். ஒரு வாரம் படகிலேயே தங்கி நாளுக்கு நான்கு முறை இறங்குகிறவர்கள் கடைசி நாட்களில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டியது இதனால்தான்.

அமெரிக்கக் கடற்படையின் ராபர்ட் வொர்க்மன் 1965-இல் ஹால்டேனின் ஒரே விகிதத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு திசுவுக்கும் ஆழத்துக்கேற்பத் தனி எல்லை வகுத்தார். சூரிச்சில் ஆல்பர்ட் பூல்மன் திசுக்களின் எண்ணிக்கையை 16 ஆக்கினார். 4 நிமிடத்தில் தொடங்கி 635 நிமிடம் வரை போகும் அந்தப் பட்டியல்தான் இன்று ஏராளமான டைவ் கம்ப்யூட்டர்களுக்குள் ஓடுகிறது. இந்த 4 நிமிடத் திசு எந்த உறுப்பு என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. கணக்கு நடப்பதற்காகக் கற்பித்துக்கொண்ட திசு அது. திரையில் ஓடுவது அந்தக் கற்பனை உடலின் நிலவரமே தவிர உங்களுடையது அல்ல.

சத்தமில்லாத குமிழிகள்

எல்லைக்குள் இருந்தால் குமிழியே உண்டாகாது என்பதுதான் ஹால்டேனின் நம்பிக்கை. 1970-களில் டாப்ளர் ஒலிக்கருவியை முக்குளித்தவர்களின் நெஞ்சில் வைத்துக் கேட்டபோது அந்த நம்பிக்கை உடைந்தது. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களின் சிரை இரத்தத்திலும் குமிழிகள் ஓடிக்கொண்டிருந்தன. பெரும்பாலும் நுரையீரல் அவற்றை வடிகட்டி வெளியேற்றிவிடும். ஆனால் பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு, கருவில் இருந்தபோது இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே இருந்த சிறு திறப்பு முழுதாக மூடாமல் இருக்கும். அன்றாட வாழ்க்கையில் அதனால் பொதுவாகத் தொல்லை இல்லை. முக்குளித்த பிறகு பலமாக இருமும்போதோ, மூச்சை அடக்கி டாங்கைத் தூக்கும்போதோ அந்த வழியாகக் குமிழிகள் தமனிப் பக்கம் தாண்டி மூளைக்கும் உள்காதுக்கும் போய்விடலாம். தனக்கு அப்படி ஒரு திறப்பு இருப்பது பலருக்கும் தெரியாது. கம்ப்யூட்டருக்கும் தெரியாது.

கருவி கேட்காத கேள்விகள்

ஆழமும் நேரமும்தான் கருவிக்குத் தெரிந்தவை. நேற்றிரவு மது அருந்தினீர்களா, போதுமான தண்ணீர் குடித்தீர்களா, நீரோட்டத்தை எதிர்த்துக் கால் உதைத்தீர்களா என்று அது கேட்பதில்லை. அடியில் உடல் சூடாக உழைத்தால் நைட்ரஜன் அதிகம் ஏறும். ஏறும்போது குளிரில் நடுங்கினால் வெளியேறுவது மந்தப்படும். கெடுதலான சேர்க்கை இதுதான். நிஜத்தில் அடிக்கடி நடப்பதும் இதுவே. வயது, உடல் பருமன், முன்பு ஒருமுறை இந்த நோய் வந்திருப்பது ஆகியவையும் கணக்கில் வராதவை.

ஆகவே எல்லையில் உரசிக்கொண்டு முக்குளிக்காதீர்கள். பரவலாகப் பயன்படும் ஒரு பயிற்சி அட்டவணையில் 18 மீட்டருக்கு 56 நிமிடம், 30 மீட்டருக்கு 20 நிமிடம் என்று இருக்கும். இருபதாவது நிமிடம் பத்திரம், இருபத்தொன்றாவது ஆபத்து என்று அதற்குப் பொருள் இல்லை. ஆபத்து சரிவாக ஏறிக்கொண்டே போகிறது. ஓரிடத்தில் யாரோ கோடு போட்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் கூடுதல் எச்சரிக்கைக்கான அமைப்பு இருக்கும். ‘கிரேடியன்ட் ஃபாக்டர்’ என்று அதில் வரும் எண்ணைக் குறைத்தால் கருவி உங்களைச் சீக்கிரம் மேலே வரச் சொல்லும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் அதைக் குறைத்து வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் வேண்டாம். 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்பதை, கருவி கேட்காவிட்டாலும் செய்யுங்கள்.

கோட்பாடும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது. ஆழத்திலேயே நின்று நின்று ஏறுவது நல்லது என்று தொழில்நுட்ப முக்குளிப்போர் நெடுநாள் நம்பினார்கள். அமெரிக்கக் கடற்படையின் சோதனைப் பிரிவு அதை நேரடியாகச் சோதித்து 2011-இல் அறிக்கை தந்தது. ஆழத்தில் நின்றவர்களுக்கே நோய் அதிகம் வந்திருந்தது.

கம்ப்ரஸர் குழாயில் மூச்சு

மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்பவர்களிலும், வட இலங்கையில் கடல் அட்டைக்கு இறங்கும் சுழியோடிகளிலும் இந்தக் கணக்கு எதுவும் இல்லாமல் நாளுக்குப் பலமுறை இறங்குகிறவர்கள் உண்டு. சிலருக்குப் படகில் வைத்த கம்ப்ரஸரும் நீளக் குழாயும்தான் கருவி. பொழுதுபோக்குக்கு முக்குளிப்பவரைவிட அவர்களுக்குத்தான் இந்த அறிவு அவசியம். அவர்களிடம்தான் அது போய்ச் சேருவதில்லை. மூச்சடக்கி முக்குளித்தால் பயமில்லை என்பதும் முழு உண்மை அல்ல. பசிபிக் கடலின் துவாமோத்துத் தீவுகளில் மூச்சடக்கி முத்துச் சிப்பி எடுத்தவர்களுக்குப் பக்கவாதமும் மயக்கமும் வந்தன. அங்கே அதன் பெயர் ‘தாரவானா’. இறங்குவதற்கு இடையில் நெடுநேரம் ஓய்வெடுக்கும் மங்கரேவாத் தீவினரிடம் அது காணப்படவில்லை.

விமானமும் மலையும்

விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் 2,400 மீட்டர் வரையிலான மலை உயரத்துக்குச் சமம். ஒரே ஒரு சாதாரண முக்குளிப்புக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம், பலமுறை இறங்கியிருந்தால் 18 மணி நேரம் விமானம் ஏறாமல் இருக்க வேண்டும். கட்டாய நிறுத்தங்களோடு ஏறியிருந்தால் 24 மணி நேரமாவது. திருகோணமலையில் காலையில் முக்குளித்துவிட்டு மாலையில் நுவரெலியா போவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

அறிகுறி வந்தால்

மூட்டு வலி, வழக்கத்துக்கு மாறான சோர்வு, தோலில் பளிங்குக் கோலம் போலச் சிவந்த திட்டு, கை கால் மரத்தல், தலைசுற்றல், நடை தடுமாறல், சிறுநீர் அடைப்பு. இவை பலருக்கு மேலே வந்த ஒரு மணி நேரத்துக்குள், பெரும்பாலானோருக்கு ஆறு மணி நேரத்துக்குள் தெரியும். உடனே படுக்கவைத்து நூறு சதவீத ஆக்ஸிஜன் கொடுங்கள். நல்ல முக்குளிப்புப் படகில் அது இருக்க வேண்டும், ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். சுயநினைவு இருந்தால் தண்ணீர் கொடுக்கலாம். ஆக்ஸிஜனில் வலி குறைந்துவிட்டது என்று வீட்டுக்குப் போகக் கூடாது.

மறுபடி தண்ணீருக்குள் இறங்கினால் வலி போய்விடும் என்று தொழிலாளர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. போவது உண்மைதான், அழுத்தம் கூடினால் குமிழி சுருங்கும். ஆனால் கூடவே இன்னும் நைட்ரஜன் ஏறும், மேலே வந்ததும் முன்னைவிட மோசமாகும். அதே அழுத்தத்தைத் தரையில், ஆக்ஸிஜனோடு கொடுப்பதுதான் சிகிச்சை. அழுத்த அறைக்குள் 18 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் தொடங்கி, இடையிடையே சாதாரணக் காற்று தந்து, படிப்படியாகக் குறைப்பார்கள். வழக்கமான சிகிச்சை அட்டவணை ஏறக்குறைய ஐந்து மணி நேரம் எடுக்கும். அடுத்தடுத்த நாட்களில் மீண்டும் தேவைப்படலாம். எல்லா மருத்துவமனைகளிலும் இந்த அறை கிடையாது. அருகில் எங்கே இருக்கிறது, அவசர நேரத்தில் முக்குளித்தவர்களை ஏற்கிறார்களா என்பதைப் பயணம் கிளம்பும் முன்பே விசாரித்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். குணமான பிறகு மறுபடி கடலில் இறங்கலாமா என்பதை முக்குளிப்பு மருத்துவம் அறிந்த மருத்துவரே சொல்ல வேண்டும். காரணம் தெரியாமல் வந்திருந்தால் இதயத் திறப்புக்கான எக்கோ பரிசோதனையையும் அவரிடம் கேட்டுப் பாருங்கள்.