லட்ச ரூபாய் லென்ஸ்... வாங்கலாமா, வேண்டாமா?

வைப்பாறு கடலில் சேரும் இடத்தை ஒட்டியது, தூத்துக்குடி மாவட்டத்தின் கீழவைப்பார். நண்பகலில் அதன் கடற்கரையில் நிற்கும் மீனவர் ஒருவரைப் படமெடுப்பதாக வைத்துக்கொள்வோம். முகம் பளிச்சென்று தெரிய வேண்டும். பின்னால் நிற்கும் வள்ளங்கள் மங்கலாகத் தெரிய வேண்டும். செல்போனின் போர்ட்ரெய்ட் மோடு இந்த மங்கலை மென்பொருளால் உண்டாக்குகிறது. கேமராவில் அதைச் செய்வது, அகலமாகத் திறக்கும் லென்ஸ். ‘எஃப்’ எண் குறையக் குறைய, திறப்பு பெரிதாகும், விலையும் ஏறும்.

கேனான் 2019-ல் அறிமுகப்படுத்திய 85 மி.மீ. எஃப் 1.2 லென்ஸின் அறிமுக விலை அமெரிக்காவில் 2,699 டாலராக இருந்தது. எடை 1,195 கிராம். அடுத்த ஆண்டு வந்த 85 மி.மீ. எஃப் 2 லென்ஸின் அறிமுக விலை 599 டாலர். எடை சுமார் 500 கிராம்தான். விலை நாலரை மடங்கு. கூடுதலாகக் கிடைக்கும் வெளிச்சம் சுமார் 2.8 மடங்கு.

வெயிலில் என்ன ஆகும்?

உச்சி வெயிலில், ஐஎஸ்ஓ 100-ல், எஃப் 1.2-க்கு 1/18,000 விநாடி அளவுக்கு ஷட்டர் வேகம் தேவை. பல கேமராக்களின் மெக்கானிக்கல் ஷட்டர் 1/8,000-த்தைத் தாண்டாது. லென்ஸ் முன்னால் என்டி ஃபில்டர் மாட்ட வேண்டும். இல்லையென்றால் திறப்பைக் குறைக்க வேண்டும். எஃப் 2-க்கு 1/6,400 போதும்.

இன்னொரு சிக்கல்: ஃபுல் ஃப்ரேம் கேமராவில் இரண்டு மீட்டர் தூரத்தில் நிற்பவரை எஃப் 1.2-ல் எடுத்தால், ஃபோகஸில் இருப்பது சுமார் 4 செ.மீ. ஆழம்தான். முகம் கொஞ்சம் திரும்பினாலும் ஒரு கண் மங்கிவிடும். மணமக்களைச் சேர்த்து எடுக்கும்போது திறப்பைக் குறைத்தே ஆக வேண்டும்.

இருட்டில்தான் லாபம்

மாலைத் திருமணம், இரவுச் சப்பரபவனி, ஃபிளாஷ் அடிக்கக் கூடாத ஆலயம்... இங்கேதான் அந்தக் காசுக்குப் பலன். எஃப் 2-ல் 1/60 விநாடியில் கலங்கிவிடும் அசைவை, அதே வெளிச்சத்தில் எஃப் 1.2 கொண்டு 1/160-ல் பிடிக்கலாம்.

முடிவெடுப்பது எப்படி?

கடந்த ஓராண்டில் எடுத்த படங்களைத் திறந்து பாருங்கள். ஒவ்வொன்றிலும் எஃப் எண், ஷட்டர் வேகம் பதிவாகியிருக்கும். வெளிச்சம் போதாமல் வீணான படங்கள் எத்தனை? அவற்றில் வாடிக்கையாளருக்குக் கொடுக்க முடியாமல் போனவை எத்தனை? பிறகு ஒரு திருமணத்துக்கு மட்டும் அந்த லென்ஸை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். அதன் எடை கழுத்துக்கும் தெரிந்துவிடும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்குப் பராமரிப்பும் செலவுதான். உப்புக்காற்று பட்ட லென்ஸை அன்றன்றே துடைக்க வேண்டும். பூஞ்சை பிடிக்காமலிருக்க, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும்.

இருட்டில் எடுக்கும் வேலை மாதத் தவணையைக் கட்டுமென்றால் வாங்கலாம். பின்னணி மங்கலுக்கு மட்டும் என்றால், மலிவான லென்ஸே போதும். வள்ளங்களைவிட்டு அவரை நாலடி முன்னால் வந்து நிற்கச் சொல்லுங்கள்.