சோடா மூட்டை வாங்கியவர்களுக்குச் சில எச்சரிக்கைகள்

கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் கொட்டிய சோறு, அறுவடை இயந்திரம் போன வயலில் சிதறிக் கிடக்கும் மக்காச்சோளம், கட்டுத் தளர்ந்த ஆடு மூக்கை நுழைத்த குருணை மூட்டை. மதுரையைச் சுற்றி ஆடுகள் கூட்டமாகச் சாவதற்கு இந்த மூன்றில் ஒன்று காரணமாக இருப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். மாலையில் வயிறு புடைக்கத் தின்ற ஆடு காலையில் எழுந்திருக்காது. உடனே, பக்கத்துத் தோட்டக்காரர் விஷம் வைத்துவிட்டார் என்று ஒரு சண்டை. இல்லையென்றால், துள்ளுமாரி என்று முடிவுகட்டி மத்தியானத்துக்குள் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறார்கள். பிரேதப் பரிசோதனையும் கிடையாது, இழப்பீடும் கிடையாது.

இப்போது புதிதாக ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. தீவனத்தில் சோடா உப்பும் ஈஸ்ட் பொடியும் கலந்துவிட்டால் போதும், ஆடு எவ்வளவு தின்றாலும் ஒன்றும் ஆகாதாம். இது தவறு. பக்ரீதுக்கும் ஆடி மாத நேர்த்திக்கும் கிடா வளர்ப்பவர்கள், வாடிப்பட்டிப் பக்கம் கச்சைகட்டிக் கருப்புக் கிடாவை முட்டுக்குத் தேற்றுகிறவர்கள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும்.

ஆட்டின் முதல் வயிறு நார்த்தீவனத்துக்குப் பழகியது. அங்கே பிஎச் அளவு வழக்கமாக ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் இருக்கும். சோறும் தானியமும் திடீரென நிறையப் போனால், மாவுச்சத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் மளமளவெனப் பெருகி லாக்டிக் அமிலத்தைச் சுரக்கின்றன. அளவு ஐந்தரைக்குக் கீழே இறங்கினால் நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடியத் தொடங்கும். ஐந்துக்கும் கீழே போனால் ரத்தத்திலுள்ள நீர் வயிற்றுக்குள் இழுக்கப்படும். கண் குழிவிழும், ஆடு தள்ளாடும், பல்லை நறநறவெனக் கடிக்கும், புளித்த நாற்றத்தோடு கழியும். அதற்கெல்லாம் முன்பே தெரியும் அடையாளம் ஒன்று உண்டு: அசை போடுவது நின்றுவிடும். தொழுவத்தில் படுத்திருக்கும் ஆட்டின் வாய் அசைகிறதா என்று இரவு ஒருமுறை பார்க்க வேண்டும். கைபேசியைப் பார்க்கும் நேரத்தில் பாதி போதும்.

சேர்க்கைப் பொருள்களுக்குப் பயன் உண்டு, மறுக்கவில்லை. நூறு கிலோ அடர்தீவனத்துக்கு ஒரு கிலோ சோடியம் பைகார்பனேட், அரைக் கிலோ மெக்னீசியம் ஆக்சைடு என்பது பொதுவான அளவு. தாது உப்புக் கலவை இரண்டு கிலோவும் சாதாரண உப்பு ஒரு கிலோவும் இதில் சேராது, அவை தனிக்கணக்கு. எதையும் நேரே மூட்டையில் கொட்டிக் கிளறக் கூடாது. முதலில் ஐந்து கிலோ தவிட்டில் கலந்து, பிறகு அந்தத் தவிட்டை மொத்தத் தீவனத்தில் பரப்பிக் கலக்க வேண்டும். கீழமாசி வீதி மளிகைக் கடையில் வாங்கினாலும், கால்நடை மருந்துக் கடையில் வாங்கினாலும், கேட்க வேண்டியது சமையல் சோடா. சலவைச் சோடாவைக் கொடுத்துவிடாதீர்கள். அது வாயையும் குடலையும் புண்ணாக்கும். உயிருள்ள ஈஸ்ட் பொடியைத் தகரக் கொட்டகையில் வைத்தால் மதுரைச் சித்திரை வெயிலில் செத்துப்போகும். பிறகு நீங்கள் போடுவது வெறும் மாவு.

கிடா வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. தானியம் அதிகம் தின்னும் கிடாவுக்குச் சிறுநீர்க் கல் அடைப்பு வரும். சோடா சிறுநீரைக் காரமாக்குவதால் சிலவகைக் கல்லுக்கு அது தோது. மாதக்கணக்கில் சோடா போடும் முன் மருத்துவரைக் கேளுங்கள். மோனென்சின் போன்ற மருந்துகளை, யாரோ சொன்னார்கள் என்று நீங்களாகக் கலக்கவே கூடாது. அளவு கூடினால் ஆட்டையே கொல்லும். அந்தத் தீவனத்தைக் குதிரை தின்றால் கொஞ்சமே போதும், பிழைப்பது கடினம்.

மறுபடியும் சொல்கிறேன், காது கொடுத்துக் கேளுங்கள். இந்தப் பொடிகள் உதவுவது, அடர்தீவனத்தை மெல்ல மெல்லக் கூட்டும்போதுதான். தலைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 கிராமில் தொடங்கி, மூன்று நாளைக்கு ஒருமுறை 50 கிராம் கூட்டி, இரண்டு மூன்று வாரத்தில் முழு அளவுக்கு வாருங்கள். காலையில் முதலில் சோளத்தட்டையோ கடலைக்கொடியோ போட்டு, பசி அடங்கிய பிறகு அடர்தீவனத்தை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். மண்டபத்துச் சோற்றை அள்ளித் தின்ற ஆட்டை, தீவனத்தில் கலந்த ஒரு சதவீதச் சோடா காப்பாற்றாது.

கிடை போடும் கீதாரிகளுக்கும் இதே பேச்சுத்தான். பேரையூர், கள்ளிக்குடிப் பக்கம் மக்காச்சோளம் அறுத்த காட்டில் இறக்கும் முன், மந்தை வேறெங்காவது புல்லில் வயிறு நிரம்பியிருக்க வேண்டும். முதல் நாள் அரை மணி நேரம் மேய்த்தால் போதும்.

அளவுக்கு மீறித் தின்றுவிட்டது தெரிந்தால், சாகும்வரை காத்திருக்காதீர்கள். மிச்சத் தானியத்தை அகற்றுங்கள். உடல் எடை கிலோவுக்கு ஒரு கிராம் கணக்கில் (20 கிலோ ஆட்டுக்கு 20 கிராம்) சமையல் சோடாவை அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டலாம். தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். படுத்துவிட்ட ஆட்டுக்கும் வயிறு உப்பி மூச்சுத் திணறும் ஆட்டுக்கும் நீங்கள் எதையும் புகட்டக் கூடாது. வைக்கோல் மட்டும் காட்டுங்கள். ஒரேயடியாகத் தண்ணீர் குடிக்க விடாதீர்கள். இதற்கிடையே 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியைக் கூப்பிடுங்கள். ஊசியும் குளுக்கோஸும் அவர்கள் வேலை. தையமின் ஊசி பற்றி அவர்களிடம் நினைவூட்டினால் தப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை மருந்தகம் பூட்டிக் கிடந்தது, போனை யாரும் எடுக்கவில்லை என்ற புலம்பல் உண்மையானதுதான். அப்படி நடந்தால் தேதியையும் நேரத்தையும் குறித்துவைத்து, முதல்வரின் முகவரி 1100 எண்ணிலும், ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்திலும் எழுத்தில் கொடுங்கள். டீக்கடையில் திட்டுவதை எந்த அதிகாரியும் கோப்பில் ஏற்றமாட்டார்.

செத்துவிட்டால்? புதைக்காதீர்கள். முதலில் காதுவில்லையோடு தலை தெரியப் படம் எடுங்கள். கால்நடை உதவி மருத்துவருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றைக்கே சொல்லுங்கள். பிரேதப் பரிசோதனைச் சான்றிதழ், காப்பீட்டு நகல், உரிமைகோரல் படிவம், கழற்றிய காதுவில்லை ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் பணம். காதுவில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை. வில்லை முன்பே விழுந்திருந்தால், ஆடு உயிரோடு இருக்கும்போதே மறுவில்லை போட்டுப் பதிவு செய்திருக்க வேண்டும். தேசியக் கால்நடை இயக்கத்தில் 2024 பிப்ரவரியில் செய்த திருத்தத்தின்படி பிரீமியத்தில் 15 சதவீதம் கட்டினால் போதும்; பத்து ஆடு ஒரு மாட்டுக் கணக்கு என்று பத்து மாட்டுக் கணக்கு வரை, அதாவது நூறு ஆடு வரை சேர்க்கலாம். இதை ஊருக்குள் வந்து சொல்ல வேண்டியவர்கள் சுவரொட்டியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நீங்களே மருந்தகத்துக்குப் போய்க் கேளுங்கள்.

கடைத் தீவனத்தின் மீதோ பொடியின் மீதோ சந்தேகம் இருந்தால், மிச்ச மூட்டையைத் தூக்கி எறியாதீர்கள். ஒட்டியிருக்கும் சீட்டில் தயாரிப்பு எண் உண்டு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பலாம். வழி தெரியாவிட்டால் திருப்பரங்குன்றத்தில் இருக்கும் கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையத்தில் விசாரியுங்கள். ரசீது இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. பிழைப்புக்காக ஆடு வளர்ப்பவரும் 2019 சட்டத்தின்படி நுகர்வோர்தான். ரசீது வாங்கும் பழக்கம்தான் நம்மிடம் இல்லை.

மண்டபக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மிச்சச் சோற்றைச் சாலையோரம் கொட்டாதீர்கள், மாநகராட்சியின் குப்பை வண்டியில் ஏற்றுங்கள். ஆட்டுக்காரர்களே, 1962 என்ற எண்ணை இன்றைக்கே உங்கள் கைபேசியில் பதிந்து, ஆடு மேய்க்கப் போகிறவர் கைபேசியிலும் பதிந்துகொடுங்கள்.