காப்புக் கட்டிய 15 நாட்கள்

மாசித் திருவிழா வந்துவிட்டால் நத்தம் ஊரே மஞ்சளாகிவிடும். கரந்தமலையிலிருந்து கன்னிமார் தீர்த்தம் வந்து சேர, மாரியம்மன் கோயிலில் ஆயிரக்கணக்கானோர் காப்புக் கட்டி 15 நாள் விரதம் தொடங்குவார்கள். கவிச்சி கிடையாது, குடி கிடையாது, தாம்பத்தியம் கிடையாது. பிறகு அக்கினிச்சட்டி, கழுமரம், பூக்குழி.

பசி, காமம், பயம், கோபம் ஆகியவை உடம்போடு பிறந்த இயல்பூக்கங்கள். அவற்றுக்கு மேலே எழவேண்டும் என்ற தவிப்பும் அதே மனிதனுக்குள்தான் இருக்கிறது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் (1875–1961) இவ்விரண்டையும் ஒரே நிறமாலையின் இரு முனைகளாகப் பார்த்தார்: அகச்சிவப்பு முனையில் இயல்பூக்கம், புறஊதா முனையில் ஆன்மிகம். ஒரு முனையிலேயே ஒட்டிக்கொண்டவர் மனம் வளராது என்பது அவர் கட்சி. அமுக்கப்பட்டது என்றாவது ஒருநாள் இரட்டிப்பு வேகத்தில் திரும்பும் என்றும் எச்சரித்தார். காப்பு அவிழ்த்த மறுநாளே டாஸ்மாக் வாசலில் நிற்பவர்களைப் பார்த்த யாருக்கும் இதற்கு விளக்கம் வேண்டாம்!

ஆனால் திருவிழாவின் அமைப்பைக் கவனித்தால், அது இயல்பூக்கத்தை வெறுமனே அடக்கிவைப்பதாகத் தெரியவில்லை. இளவட்டங்களின் முரட்டு வேகத்துக்குக் கழுமரம் இருக்கிறது. வழுக்கும் மரத்தில் ஒருவர் தோளில் ஒருவர் ஏறவேண்டும். கீழே நிற்பவர் பாரம் தாங்காவிட்டால் மேலே போட்டியே இல்லை. பூக்குழியில் பயத்துக்கும் இடம் உண்டு. கனலைக் கண்டு பின்வாங்கும் காலை, விரதமும் கூட்டமும் மேளமும் சேர்ந்து முன்னே நடத்துகின்றன.

கால் ஏன் பெரும்பாலும் வேகுவதில்லை? கரியும் சாம்பலும் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். பாதம் கனலில் படுவதோ சில நொடிகள். நின்றாலோ விழுந்தாலோ சுடத்தான் செய்யும். சுவாரஸ்யம் வேறிடத்தில் இருக்கிறது. ஸ்பெயினில் சான் பெட்ரோ மன்ரிக் என்ற கிராமத்திலும் தீமிதி உண்டு. அங்கே நடத்தி 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், மிதிப்பவரின் இதயத்துடிப்பும் வேடிக்கை பார்க்கும் சொந்தக்காரர்களின் துடிப்பும் ஒரே போக்கில் ஏறி இறங்கியது பதிவானது. வெளியூர்ப் பார்வையாளர்களிடம் அது இல்லை.

பயத்தைத் தனியாகவே நேர்கொண்ட ஒருவர் நத்தத்துக்குப் பக்கத்து மதுரையில் இருந்தார். 1896-ல், 16 வயதில், திடீரென்று மரணபயம் பிடித்துக்கொண்டபோது வேங்கடராமன் யாரையும் கூப்பிடவில்லை. பிணம்போல் விறைத்துப் படுத்து, சாவது எது என்று தனக்குள் பார்த்தார். சில வாரங்களில் திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்தது. அவருடைய தேடலுக்கு வாசலாக அமைந்தது மிகப் பழைய இயல்பூக்கமான மரணபயம்தான். 1937-38-ல் இந்தியா வந்த யுங் தென்னாடு வரை வந்தும் ரமணரைப் பார்க்கப் போகவில்லை. இயற்கையிலிருந்து விடுபடுவது யுங்கின் நாட்டமல்ல. தன் உண்மையைத் தானே கண்டடைய வேண்டும் என்று எண்ணினார்.

எல்லோருக்கும் அப்படி ஒரு மதுரை வாய்க்காது. சாதாரண மனிதருக்குப் பூக்குழியின் சில நொடிகளைவிட அதற்கு முந்தைய 15 நாட்களே பெரிய பயிற்சி. ஆனால் வலியும் ஓர் இயல்பூக்கச் செய்திதான்; அதை மதிக்கவேண்டும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் பூக்குழியைத் தவிர்ப்பதே நல்லது. மனநல மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் விரதத்துக்காக அதை நிறுத்தக்கூடாது.