குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீள்வோருக்குத் துணை நிற்கப் பயிலலாம்

நீரிழிவு, கொலஸ்ட்ரோல், இரத்த அழுத்தம் என்றால் எமது ஒன்றுகூடல்களில் எவரும் தயங்காமல் என்னிடம் வந்து கேட்பார்கள். குடிப்பழக்கத்தைப் பற்றி மட்டும் யாரும் மண்டபத்துக்குள் கேட்பதில்லை. கார் நிற்குமிடம் வரை கூட வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, மெதுவான குரலில்தான் கேட்பார்கள். இம்முறை அந்த விடயத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் தன் கணவரை என்னிடம் கூட்டி வந்தார். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.) "டொக்டர், இவருக்குக் கொஞ்சம் புத்தி சொல்லுங்கோ" என்றார். நானும் சொன்னேன். ஈரல் எப்படிப் பழுதாகும், பிள்ளைகளின் எதிர்காலம் என்னவாகும் என்று பத்து நிமிடம் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு பல மாதங்கள் அவர் என்னிடம் வரவேயில்லை.

அதற்குள் உறவினர்கள் அவரைக் கோவிலுக்குக் கூட்டிச் சென்று சத்தியம் வாங்கினார்கள். அவரும் சொல்லைக் காப்பாற்றினார். தினமும் குடித்தவர் ஒரே நாளில் அடியோடு நிறுத்தினார். இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் சுவரில் எறும்புகள் ஊர்வதாகச் சொல்லிக் கத்தினார். அம்புலன்ஸ் வந்து வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றதால் உயிர் தப்பினார்.

அவர் பின்னர் மீண்டது என் புத்திமதியால் அல்ல. உள்ளூர்ச் சிகிச்சை நிலையத்தில் தொண்டராக இருந்த ஒரு தமிழ்ப் பெண் வாரம் ஒருமுறை அவருடன் இருந்து கதைத்தார். "அண்ணை, இரவில நித்திரை வருதோ?" என்று அவர் ஒருநாள் கேட்டாராம். ஊரில் தன் தம்பியை இழந்த நாளிலிருந்து குடிக்காமல் நித்திரை வருவதில்லை என்று அன்றுதான் முதன்முறையாக அவர் வாய் திறந்தார். இத்தனை வருட அனுபவமுள்ள நான் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை. அந்தப் பெண் மருத்துவம் படித்தவர் அல்லர். ஆனால் எப்படிக் கேட்க வேண்டும் என்று பயிற்சி பெற்றவர்.

துணைப் பணியாளர் என்பவர் யார்?

இங்கிலாந்தில் மது, போதைப்பொருள் சிகிச்சைச் சேவைகளை ஒழுங்கு செய்யும் பொறுப்பு 2013 ஏப்ரல் முதல் உள்ளூராட்சிச் சபைகளிடம் இருக்கிறது. என்.எச்.எஸ். அமைப்புகளும் அறக்கட்டளைகளும் அவற்றை நடத்துகின்றன. சிகிச்சை இலவசம். குடும்ப வைத்தியரின் கடிதம் இல்லாமலும் ஒருவர் தானே நேரடியாகச் சென்று பதியலாம்.

அங்கே வைத்தியர்கள், தாதியர், உளவியலாளர்கள் ஆகியோருடன் மீட்புப் பணியாளர்களும் தொண்டர்களும் இருப்பார்கள். மருந்து கொடுப்பதும் நோயை நிர்ணயிப்பதும் இவர்களின் வேலை அல்ல. முதல்நாள் வருபவரை வரவேற்பது, குழுச் சந்திப்புகளில் உதவுவது, வீட்டு வாடகைப் படிவம் நிரப்பத் துணை செய்வது, வராமல் விட்டவருக்குத் தொலைபேசியில் கதைப்பது என்பவைதான் இவர்களின் பணிகள். சாதாரண வேலைகள்போலத் தோன்றினாலும், ஒருவர் சிகிச்சையைத் தொடர்வதும் இடையில் கைவிடுவதும் பெரும்பாலும் இவற்றில்தான் தங்கியிருக்கின்றன.

பயிற்சியில் என்ன படிப்பிக்கிறார்கள்?

சேவைக்குச் சேவை பாடத்திட்டம் மாறினாலும் அடிப்படைப் பாடங்கள் பொதுவானவை.

முதலாவது, கேட்கும் கலை. வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வளர்ந்த முறை இது. "ஏன் குடிக்கிறாய்?" என்று குற்றம் சாட்டுவதற்குப் பதிலாக, "குடி உங்களுக்கு எதில் உதவுகிறது? எதில் இடைஞ்சலாக இருக்கிறது?" என்று கேட்கப் பழக்குகிறார்கள். மாற வேண்டியதற்கான காரணத்தை நாம் சொன்னால் அவர் அதற்கு மறுப்புச் சொல்வார். அவரே தன் வாயால் சொன்னால் அது அவருக்குள் நிற்கும்.

இரண்டாவது, அளவறிதல். ஒரு யூனிட் என்பது 10 மில்லிலீற்றர் சுத்தமான மதுசாரம். 2016இல் பிரித்தானியாவின் தலைமை மருத்துவ அதிகாரிகள் வெளியிட்ட ஆலோசனைப்படி, ஆணோ பெண்ணோ வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வழமையாகக் குடிக்காதிருப்பது நல்லது. 40 வீத விஸ்கி 700 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் 28 யூனிட் இருக்கிறது. கலியாண வீட்டில் இருவர் ஒரு போத்தலை முடித்தால், ஒரு வாரத்துக்கான அளவை ஒவ்வொருவரும் ஒரே இரவில் முடித்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய "ஓடிட்" என்ற பத்துக் கேள்விகளையும் பயன்படுத்தப் பழக்குவார்கள். 40 புள்ளிகளில் 8ஐ எட்டினாலே கவனம் தேவை. 20 அல்லது அதற்கு மேல் என்றால் உடல் மதுவில் தங்கியிருக்கக்கூடும்.

மூன்றாவது, ஆபத்தை அறிதல். நான் மேலே சொன்னவருக்கு நடந்தது இதுதான். தினமும் அதிகமாகக் குடிப்பவரின் மூளை மதுவுக்குப் பழகியிருக்கும். திடீரென நிறுத்தினால் சில மணித்தியாலங்களிலேயே நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளளவில் மனக்குழப்பமும் இல்லாததைக் காண்பதும் வரலாம். சிகிச்சை அளிக்காவிட்டால் உயிரே போகலாம். இதனால்தான் இத்தகையோருக்கு வைத்தியரின் மேற்பார்வையில் மருந்தையும் விற்றமின் பி1ஐயும் கொடுத்து நிறுத்துகிறோம். ஹெரோயின் போன்றவற்றை அளவுக்கு மீறி எடுத்தவரின் மூச்சு நின்றுபோகாமல் தடுக்கும் நலோக்சோன் மருந்தைக் கொடுக்கவும் பயிற்சி உண்டு. 2015 ஒக்ரோபரிலிருந்து சிகிச்சை நிலையங்கள் இதனை மருந்துச் சீட்டின்றியே வழங்க முடிகிறது. அதைக் கொடுத்தாலும் 999ஐ அழைத்தே ஆகவேண்டும்; அதன் வேலை சிறிது நேரத்துக்கே.

நான்காவது, இரகசியமும் எல்லையும். கேட்டதை வெளியில் சொல்லக்கூடாது. சொந்தக் கணவனிடமும் மனைவியிடமும்கூட. பிள்ளை ஒன்றுக்கோ ஒருவரின் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். கடன் கொடுக்கக்கூடாது. சொந்தத் தொலைபேசி இலக்கத்தைக் கொடுக்கக்கூடாது. மனம் பாரமானால் மேற்பார்வையாளருடன் கதைக்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இதுதான் கடினமான பாடம் என்று நினைக்கிறேன். நாங்கள் உதவி என்றால் வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போடுகிறவர்கள்.

யார் சேரலாம்?

பட்டப்படிப்புத் தேவையில்லை. தொண்டராகத் தொடங்கலாம். டி.பி.எஸ். எனப்படும் பின்னணிச் சோதனை செய்வார்கள்; பழைய குற்றப்பதிவு ஒன்று இருப்பதாலேயே கதவு மூடப்படுவதில்லை. தாமே குடியிலிருந்து மீண்டவர்களைப் பல சேவைகள் விரும்பிச் சேர்க்கின்றன. மீண்டு சிறிது காலம் நிலையாக இருக்க வேண்டும் என்பார்கள். குடித்த ஒருவருடன் வாழ்ந்த மனைவி, பிள்ளைகள், சகோதரர்களின் அனுபவத்துக்கும் அங்கே மதிப்பு உண்டு. தொண்டராக இருந்து, பின் சுகாதார, சமூகப் பராமரிப்புக் கற்கைநெறி ஒன்றைப் படித்துச் சம்பள வேலைக்குச் சென்றவர்களும் இருக்கிறார்கள். 2021இல் வெளிவந்த டேம் கரோல் பிளாக்கின் அறிக்கை, இத்துறையில் பணியாளர்கள் குறைந்துபோனதைச் சுட்டிக்காட்டி, அவர்களை மீண்டும் வளர்த்தெடுக்க வேண்டும் என்று கேட்டது.

தஞ்சக் கோரிக்கையின் முடிவுக்காகக் காத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. பொதுவாக உங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. ஆனால் அறக்கட்டளைகளிலும் அரச துறை நிறுவனங்களிலும் சம்பளமின்றித் தொண்டராக இருக்க முடியும். யாழ்ப்பாணத்தில் மருத்துவம் படித்துவிட்டு இங்கே வந்து, ஒன்றும் செய்ய முடியாமல் அறைக்குள் இருந்த காலம் எனக்கும் உண்டு. ஒருவருக்காவது பயன்படுகிறேன் என்ற எண்ணம் அந்நாட்களில் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும்.

தமிழ் பேசுபவர் ஏன் வேண்டும்?

பல வீடுகளில் தகப்பனுக்கு மொழிபெயர்ப்பது பதினான்கு வயது மகள்தான். மகளுக்கு முன்னால் எந்தத் தகப்பன் உண்மையைச் சொல்வார்? தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறும் உரிமை உண்டு. ஆனாலும் மனதில் உள்ளதைத் தமிழில் நேரடியாகச் சொல்வதற்கு அது ஈடாகாது. "தமிழர் என்றால் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமே, மகளின் கலியாணப் பேச்சுக் குழம்பிவிடுமே" என்ற பயம் நியாயமானதுதான். அந்தப் பயத்தைத் தீர்க்கத்தான் இரகசியம் காக்கும் பயிற்சி பெற்றவர்கள் வேண்டும். அப்படியும் விருப்பமில்லையென்றால் தமிழரல்லாத பணியாளரைக் கேட்கலாம். அதையும் தயங்காமல் கேளுங்கள்.

வீட்டில் இப்போது செய்யக்கூடியவை

தினமும் குடிப்பவரைத் திடீரென நிறுத்தும்படி வற்புறுத்தாதீர்கள், போத்தலை ஒளிக்காதீர்கள். முதலில் குடும்ப வைத்தியரிடமோ உள்ளூர்ச் சேவையிடமோ கூட்டிச் செல்லுங்கள். நிறுத்தியவருக்கு வலிப்போ மனக்குழப்பமோ வந்தால் காலைவரை காத்திராமல் 999ஐ அழையுங்கள். குடிப்பவர் வர மறுத்தாலும் குடும்பத்தினர் தங்களுக்காகச் சென்று ஆலோசனை பெறலாம்.

தொண்டராக விரும்புவோர் உங்கள் உள்ளூராட்சிச் சபையின் மது, போதைச் சேவையைத் தொடர்புகொண்டு, தொண்டர் பயிற்சி எப்போது என்று கேளுங்கள். சங்கத்தின் அடுத்த ஒன்றுகூடலில் நானும் இருப்பேன். இம்முறை கார் நிற்குமிடம்வரை காத்திருக்க வேண்டாம், மண்டபத்துக்குள்ளேயே கேட்கலாம்.