ஈரப்பொருளின் ஒளியும் நிழலும்

கரும்பலகையில் வெண்சுண்ணத்தால் எழுதிய எழுத்து விளங்கித் தோன்றும். வெண்சுவரில் எழுதினால் விளங்காது. ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடே உருவத்தைக் காட்டுகின்றது. எலக்ட்ரான் நுண்ணோக்கி தரும் படத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும்.

வருடு எலக்ட்ரான் நுண்ணோக்கியில், மிக நுண்ணிய எலக்ட்ரான் கற்றை பொருளின் மேற்பரப்பைப் புள்ளி புள்ளியாக வருடிச் செல்கின்றது. கற்றை பட்ட இடத்திலிருந்து வேகங் குறைந்த எலக்ட்ரான்கள் வெளிப்படுகின்றன. விளிம்பும் சரிவும் அவற்றை மிகுதியாக வெளியிடுவதால் படத்தில் ஒளிர்கின்றன. குழிகள் இருண்டு தோன்றுகின்றன. கற்றையின் எலக்ட்ரான்களுள் சில, பொருளின் அணுக்களால் திருப்பப்பட்டு மீள்வதும் உண்டு. அணு எண் மிகுந்த தனிமமே மிகுதியாகத் திருப்பும். ஆதலின் அணு எண் 79 உடைய தங்கம், 6 உடைய கரியைவிட ஒளிமிக்குத் தோன்றும்.

முந்தைய கருவிகளில் பொருளை வெற்றிடத்தில் வைத்தல் வேண்டும். அங்கு ஈர இலை உலர்ந்து சுருங்கும். மின்கடத்தாப் பொருளில் எலக்ட்ரான்கள் தேங்கிப் பொய்யான ஒளியைக் காட்டும். இதனைத் தடுக்கப் பொருளின்மேல் பொன்னை மெல்லிதாகப் பூசுவர். பூசியபின் கண்ணுக்குத் தெரிவது பொன்னின் புறத்தோற்றமே அன்றோ?

1980ஆம் ஆண்டுகளில் ஆஸ்திரேலிய நாட்டின் சிட்னி நகரில் ஆராய்ந்த டானிலாட்டோஸ் என்னும் அறிஞர் இவ்விடரை நீக்க வழி கண்டார். கற்றை புறப்படும் பகுதியில் வெற்றிடத்தைக் காத்து, பொருள் உள்ள அறையில் மட்டும் நீராவியை நிரப்பினார். 0 பாகை சென்டிகிரேடை ஒட்டிய குளிரில், காற்றழுத்தத்தில் ஏறத்தாழ 165இல் ஒரு பங்கு அழுத்தமுடைய நீராவியே இலையை உலராமற் காக்கப் போதுமானது.

அந்நீராவி வேறிரு பணிகளையும் புரிகின்றது. பொருளினின்று வெளிப்பட்ட எலக்ட்ரான், நேர்மின்னேற்றிய தட்டினால் ஈர்க்கப்பட்டு விரைகையில், நீராவி மூலக்கூறுகளை மோதிப் புதிய எலக்ட்ரான்களை விடுவிக்கின்றது. அவையும் மோதிப் பெருகுகின்றன. இவ்வாறு மெல்லிய குறிப்பும் வலிமை பெற்றுத் தட்டை அடைகின்றது. எலக்ட்ரானை இழந்த மூலக்கூறுகளோ நேர் அயனிகளாகிப் பொருளை நோக்கிச் சென்று, அங்குத் தேங்கிய எதிர்மின்னேற்றத்தைத் தணிக்கின்றன. ஆதலின் பொன்பூச்சு வேண்டுவதில்லை. பொருளின் இயல்பான வேறுபாடே படத்தில் புலப்படுகின்றது.

எனினும், நீராவி மிகுந்தால் கற்றையே சிதறும். ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு மங்கும். குறைந்தால் இலை உலரும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட அளவை அறிந்து இயக்குவோர்க்கே தெளிந்த படம் கிட்டும். இடையூறு என ஒதுக்கப்பட்ட வாயுவே, அளவறிந்து பயன்படுத்தியபோது உற்ற துணையாயிற்று.