தனியார் மண் அணை: கலிங்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

2006 மார்ச் 14. ஹவாய் மாநிலத்தின் கவாய் தீவில் பொழுது விடியுமுன்பே கா லோகோ என்ற மண் அணை உடைந்தது. வாரக்கணக்கில் விடாது பெய்த மழையில் அந்தத் தேக்கம் நிரம்பிக் கிடந்தது. ஏறத்தாழ 150 கோடி லிட்டர் நீர் மரங்களையும் சேற்றையும் வாரிக்கொண்டு பள்ளத்தாக்கில் இறங்கியது. வழியில் இருந்த வீடுகளைப் பெயர்த்தெடுத்து, நெடுஞ்சாலையைக் கடந்து கடலில் போய் விழுந்தது. 7 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கர்ப்பிணி.

கரும்புத் தோட்டத்துப் பாசனத்துக்காக 1890-ல் எழுப்பிய கரை அது. 1971-ல் சர்க்கரை ஆலை மூடப்பட்டது. பிறகு நிலம் கைமாறியது. தேக்கத்தில் ஒரு பங்கு ஒரு தனிநபரிடம், மற்றொரு பங்கு ஓர் அறக்கட்டளையிடம், வாய்க்கால் நீரைக் கையாள்வது வேறொரு நிறுவனம் என்று பொறுப்பு பிரிந்து கிடந்தது. அரசு நியமித்த தனி விசாரணையாளரின் 2007-ஆம் ஆண்டு அறிக்கை, உபரி நீர் வழிந்தோடுவதற்கான கலிங்கு அங்கே இல்லை என்றது. அதை மண் கொட்டி மூடியிருக்கலாம் என்பதற்கான சாட்சியங்களையும் எடுத்துக்காட்டியது. மாநில அதிகாரிகள் அந்த அணையை அதுவரை ஒருமுறைகூட ஆய்வு செய்திருக்கவில்லை. அரசுப் பதிவேட்டில் அது ‘ஆபத்து குறைந்த’ அணை.

இந்த வகைப்பாட்டைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம். அமெரிக்காவில் அணைகளுக்குத் தரப்படும் ஆபத்து நிலை, கரை எவ்வளவு உறுதியாக இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அணை உடைந்தால் கீழே எத்தனை உயிருக்கும் எவ்வளவு உடைமைக்கும் கேடு வரும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. வயல்வெளியாக இருந்த இடத்தில் வீடுகள் எழும்பினால், கரையில் ஒரு கைப்பிடி மண்கூட அசையாத நிலையிலும் ஆபத்து நிலை உயர்ந்துவிடும். பதிவேடு பல நேரங்களில் பழைய வயல்வெளியையே காட்டிக்கொண்டிருக்கும்.

மண் கரை பெரும்பாலும் இரண்டு வழிகளில் அழிகிறது. நீர் கரைக்கு மேலே ஏறி வழிவது ஒன்று. கரைக்குள்ளே புகுந்து மண்ணை அரித்துக்கொண்டு வெளியேறுவது மற்றொன்று. கான்கிரீட் அணைமேல் நீர் சற்று வழிந்தாலும் அது தாங்கி நிற்கக்கூடும். மண் கரைக்கு அந்தத் தாங்குதிறன் இல்லை. வழிகிற நீர் புறக்கரையைச் சீவத் தொடங்கினால், கரை முழுவதும் போக அதிக நேரம் ஆகாது. அதனால்தான் கலிங்கும் மதகும் கரையைவிட முக்கியமானவை.

1889 மே 31-ல் பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன் நகரை அழித்த சௌத் ஃபோர்க் அணை இதற்குக் கொடிய சான்று. சுமார் 72 அடி உயரமுள்ள பெரிய கரை அது. ஆனால் அதன் உரிமையாளர்கள் செய்தவை சின்னச் சின்ன வேலைகள்தான். கால்வாய்க்காக அரசு கட்டிய அந்த அணை தனியாரிடம் போனதும், அடியில் இருந்த இரும்பு வடிகுழாய்களைக் கழற்றிப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். பிறகு வாங்கிய செல்வந்தர்களின் மீன்பிடிச் சங்கம், வண்டி போவதற்காகக் கரையின் தலைமட்டத்தைக் குறைத்தது. மீன் தப்பாமலிருக்கக் கலிங்கில் வலை அடித்தது. பெருமழை வந்தபோது நீரை வெளியேற்றக் குழாய் இல்லை. கலிங்கு வலையில் குப்பை அடைத்துக்கொண்டது. இறந்தவர்கள் 2,209 பேர்.

இன்றும் மீன் வளர்ப்போர் கலிங்கில் வலை கட்டுகிறார்கள். கோடைக்குக் கூடுதல் நீர் வேண்டும் என்று பலகையோ மணல் மூட்டையோ வைத்து அரையடி உயர்த்துகிறார்கள். அந்த அரையடி, பெருமழையன்று நீர்மட்டத்துக்கும் கரையின் தலைமட்டத்துக்கும் இடையே இருக்க வேண்டிய உயிர்க்காப்பு இடைவெளியிலிருந்து திருடப்பட்டது.

கசிவு மெல்ல வளரும் தொல்லை. எல்லா மண் கரையும் ஓரளவு கசியும். தெளிந்த நீர் மாறாத அளவில் வந்தால் பதற்றப்பட வேண்டியதில்லை. வாளி வைத்து, அது நிரம்பும் நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக் குறித்து வந்தாலே போதும். நீர் கலங்கி வந்தாலோ, தேக்கத்தின் மட்டம் ஏறாமலே கசிவு கூடினாலோ, கரையின் உள்மண் கரைகிறது என்று பொருள். அப்போது புறக்கரையில் களிமண்ணை அப்பி அடைப்பது பெரும் தவறு: நீர் வேறிடத்தைத் துளைக்கும். மணலும் அதன்மேல் சரளையும் பரப்பி, நீரைப் போகவிட்டு மண்ணை நிறுத்துவதே முதலுதவி. உடனே பொறியாளரை அழைக்க வேண்டும். மட்டத்தைக் குறைக்கும்போதும் நிதானம் தேவை; ஒரேயடியாக இறக்கினால் நீரில் ஊறிய அகக்கரை சரிந்து விழும்.

கரையை ஊடறுத்துச் செல்லும் குழாயைச் சுற்றித்தான் நீர் எளிதில் வழி கண்டுபிடிக்கிறது. கொலராடோவில் ஒரு பாசன நிறுவனத்துக்குச் சொந்தமான, 1903-ல் கட்டிய லான் லேக் அணை 26 அடி உயரம்தான். வடிகுழாய் இணைப்பிலிருந்த ஈய அடைப்பு சிதைந்து, கசிவு கரையை உள்ளிருந்தே அரித்தது. 1982 ஜூலை 15-ல் அது உடைந்து 3 பேர் இறந்தார்கள். மலைமேல், எளிதில் போக முடியாத இடத்தில் இருந்த அணை.

மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கரையில் மரம் நின்றால் பலம் என்று பலர் நம்புகிறார்கள். புல் நல்லது. மரம் காற்றில் சாய்ந்தால் வேரோடு கரையையும் பெயர்த்துக்கொண்டு போகும். பட்டுப்போனால் அழுகிய வேர் நீருக்குக் குழாயாகிவிடும். பெரிதாக வளர்ந்துவிட்ட மரத்தை வெட்டினாலும் அடிவேர் உள்ளே அழுகும் என்பதால் அதைத் தொடுமுன் பொறியாளரைக் கேட்க வேண்டும். எலி வளையும் மாட்டுத் தடமும் இதே கணக்குதான்.

உடைந்தபின் யார் பொறுப்பு? இங்கிலாந்தின் லங்காஷயரில் ஓர் ஆலை முதலாளி கட்டிய நீர்த்தேக்கம் 1860-ல் பழைய சுரங்கக் குழிகள் வழியே அடுத்தவரின் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. 1868-ல் பிரபுக்கள் சபை அளித்த ரைலண்ட்ஸ் எதிர் ஃப்ளெட்சர் தீர்ப்பு, தப்பினால் தீங்கு விளைவிக்கும் பொருளைத் தன் நிலத்தில் இயல்புக்கு மாறாகச் சேர்த்துவைப்பவர், கவனக்குறைவு நிரூபிக்கப்படாவிட்டாலும் இழப்பீடு தர வேண்டும் என்றது. ஆனால் சென்னை மாகாணத்தில் இந்த விதி செல்லவில்லை. கார்வேட்டிநகர் ஜமீன்தாரின் ஏரிகள் உடைந்து ரயில் பாதை சேதமான வழக்கில், 1874-ல் லண்டன் பிரிவி கவுன்சில் ஜமீன்தார் பக்கம் தீர்ப்பளித்தது. ஏரிகளைப் பேணுவது இந்நாட்டில் பழமையான, மக்களுக்கு இன்றியமையாத கடமை. கவனக்குறைவு இல்லாதபோது இழப்பீடு இல்லை என்பது அதன் சாரம்.

அந்தத் தீர்ப்பின் நிழலில் வழக்காடுகிறவருக்கு ஆவணமே ஆயுதம். கரையில் விரிசல், கலங்கிய கசிவு, அடைபட்ட கலிங்கு எதைக் கண்டாலும் தேதியோடு படம் எடுத்து, உரிமையாளருக்கும் வட்டாட்சியருக்கும் எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைப்பது நல்லது. உரிமையாளருக்குத் தெரிந்திருந்தும் செய்யவில்லை என்பதை நாளை நிரூபிப்பது அந்தத் தாள்தான்.

இந்தியாவின் அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021 தனியார் அணைகளுக்கும் பொருந்தும். ஆனால் 15 மீட்டருக்கு மேற்பட்டவை, அல்லது 10 முதல் 15 மீட்டர் வரை இருந்து கரை நீளம், கொள்ளளவு போன்ற சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவை மட்டுமே அதன் வரம்பில் வரும். தோட்டத்திலும் பண்ணையிலும் இருக்கிற சின்னக் கரைகள் பெரும்பாலும் வெளியே நிற்கின்றன. கா லோகோ போன்ற துயரங்கள் நடப்பது இத்தகைய கண்காணிப்பு இல்லாத இடங்களில்தான் என்பதால், இந்த இடைவெளி கவலைக்குரியது. பொதுமக்களுக்கு ஆபத்தான நிலை என்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின்கீழ் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்து, ஆபத்தை நீக்க உத்தரவு கேட்கலாம். பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005 மாவட்ட நிர்வாகத்துக்கு முன்னெச்சரிக்கை அதிகாரங்களைத் தருகிறது. அரசிடம் ஆய்வுக் குறிப்பு ஏதேனும் இருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெறலாம்.

கவாயில் நியாயம் மெதுவாகத்தான் வந்தது. 2013-ல் தேக்கத்தில் ஒரு பங்கு வைத்திருந்த அந்தத் தனிநபரின் நிறுவனம், 7 பேர் மரணத்துக்கான குற்றச்சாட்டுகளை எதிர்த்து வாதாடாமல் ஏற்றது. அவருக்கு 7 மாதச் சிறை. 2007-லேயே மாநிலம் அணைச் சட்டத்தைத் திருத்தி, ஆய்வையும் உரிமையாளரின் கடமைகளையும் கடுமையாக்கியிருந்தது. கென்யாவின் சோலாயில் 2018 மே மாதம் ஒரு பண்ணையின் தனியார் அணை உடைந்து 48 பேர் இறந்தபோது, அந்த அணைக்கு உரிய அனுமதி இல்லை என்று நீர்வள ஆணையம் சொன்னது. அந்த உண்மை வெளியே வந்தது உடைந்தபிறகுதான்.

அணையுள்ள நிலத்தை வாங்கப்போகிறவர் பத்திரத்தோடு கலிங்கின் அகலத்தையும் மதகின் நிலையையும் பார்க்க வேண்டும்; கீழே குடியிருப்பவர் மழைக்காலத்துக்கு முன்பே உரிமையாளரிடம் மூன்றைக் கேட்க வேண்டும்: கடைசியாகப் பொறியாளர் பார்த்தது எப்போது, நள்ளிரவில் கரை உடையும் நிலை வந்தால் யார் யாரை எழுப்புவார், எந்த மேட்டுக்கு ஓட வேண்டும்.