வரித்துறைப் பொய்க்கோலம்: இலக்கணமும் காப்பும்

வரித்துறை அலுவலரைப் போலத் தம்மைக் காட்டிக்கொண்டு, ஒருவருடைய பொருளையோ வங்கிக் கணக்கின் மறைசொற்களையோ கவர்ந்துகொள்ளும் செயலைப் 'பொய்க்கோல ஏய்ப்பு' என்று வரையறுக்கலாம். இதற்கு இன்றியமையாத உறுப்புகள் மூன்று: நம்பத்தக்க பெயர், எண்ணிப் பார்க்க விடாத உணர்வு, பொருள் கைமாறும் வழி. இவற்றுள் ஒன்று குறையினும் ஏய்ப்பு நிறைவேறாது. ஆதலின் ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்ந்தறிதலே காப்பின் முதற்படி.

தூண்டும் உணர்வை அடியாகக் கொண்டு நோக்கின், இவ்வேய்ப்பு அச்ச வழியது, விழைவு வழியது என இருவகைப்படும். அச்ச வழிக்குத் தக்க சான்று 2016 அக்தோபரில் மும்பையை அடுத்த மீராசாலையில் வெளிப்பட்டது. அங்கிருந்த அழைப்பு மையங்களினின்று அமெரிக்க மக்களை அழைத்தோர், தம்மை அந்நாட்டு வருவாய்த்துறையினர் எனக் கூறி, நிலுவை வரியை உடனே செலுத்தாவிடின் சிறை புக நேரும் என அச்சுறுத்தி, பரிசு அட்டைகளை வாங்கச் செய்து அவற்றின் எண்களைப் பெற்றனர். அத்துறை பரிசு அட்டை வழியே வரி பெறுவதில்லை என்னும் ஓர் உண்மையே அவ்வலையை அறுக்கப் போதுமானது. விழைவு வழியோ மென்மையாக வருவது: 'நீங்கள் கட்டிய மிகைவரி திரும்பி வருகிறது, இவ்விணைப்பைத் திறந்து அட்டை எண்ணைத் தருக' என்னும் குறுஞ்செய்தி அதன் வடிவம். இந்திய வருமான வரித்துறை மிகைவரியை, வரி செலுத்துநர் முன்னரே பதிந்து உறுதிசெய்த வங்கிக் கணக்கிலேயே சேர்க்கிறது. அதன்பொருட்டு அட்டையின் மறையெண்ணையோ ஒருமுறைக் கடவுச்சொல்லையோ எவரிடமும் கேட்பதில்லை.

பெயர் எங்ஙனம் பொய்க்கிறது என்பதை இனிக் காண்போம். 1982இல் வகுக்கப்பெற்ற மின்மடல் நெறிமுறை, அனுப்புநர் பெயரை ஆராயும் ஏற்பாட்டைத் தன்னகத்தே கொண்டிருக்கவில்லை. அஞ்சலுறையின்மீது எவர் பெயரையும் எழுதலாம் என்பது போல, மின்மடலிலும் எழுதலாம். பின்னர்ச் சரிபார்ப்பு முறைகள் தோன்றினும், அனுப்புநர் பெயர் ஒன்றே சான்றாகாது. வலைத்தளத்தின் ஆள்களப் பெயரோ திட்டமான அடுக்குமுறை உடையது. இரட்டைச் சாய்கோட்டுக்கும் அதனை அடுத்துவரும் ஒற்றைச் சாய்கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதியை வலமிருந்து இடமாகப் படித்தல் வேண்டும். வலக்கோடி நாட்டையோ வகையையோ, 'கவ்.இன்' போல இரண்டையுமோ குறிக்கும். அதன் இடப்பக்கம் உடையவரைச் சுட்டும். அதற்கும் இடப்பக்கத்தில் உள்ளவை உடையவர் தம் விருப்பம்போல் இட்டுக்கொண்டவை. 'கவ்.இன்' என முடியும் பெயர்கள் இந்திய அரசு அமைப்புகளுக்கே வழங்கப்பெறுவன. வருமான வரித்துறையின் தளம் 'இன்கம்டாக்சு.கவ்.இன்'. இச்சொற்கள் இடப்பக்கத்தில் நின்று, வலக்கோடி வேறொரு பெயராய் முடியுமாயின், அத்தளம் அவ்வேறொருவருக்கே உரியது.

இத்தகைய ஒழுங்கு வருமான வரித்துறையின் மடல்களுக்கும் உண்டு. அத்துறையின் மேலமைப்பான நடுவண் நேர்முக வரிகள் வாரியம் 2019 ஆகசுட்டில் வெளியிட்ட சுற்றறிக்கை, அவ்வாண்டு அக்தோபர் முதல்நாள் தொட்டுத் துறையின் அறிவிப்புகளும் ஆணைகளும் கணினி வழங்கும் 'ஆவண அடையாள எண்' தாங்கி வருதல் வேண்டும் என நெறிப்படுத்தியது. ஆயினும் எண் அச்சிடப்பெற்றிருத்தல் மட்டும் போதாது. துறையின் தளத்தை நாமே திறந்து, அதன் முகப்பிலுள்ள சரிபார்ப்புப் பகுதியில் அவ்வெண்ணை இட்டுத் தெளிதல் வேண்டும். இதற்குக் கணக்கினுள் நுழையவும் வேண்டுவதில்லை.

இவற்றினின்று பெறப்படும் பொதுநெறி ஒன்றே: செய்தி வந்த வழியில் விடையளிக்காது, நாம் முன்பே அறிந்த வழியில் சென்று உசாவுதல். பொருளிழந்தவர் நாணித் தயங்காது உடனே தம் வங்கிக்குத் தெரிவித்து, 1930 என்னும் உதவி எண்ணை அழைத்தல் வேண்டும். பணம் பல கணக்குகளுக்குப் பிரிந்து செல்லுமுன் அதனைத் தடுக்கும் வாய்ப்பு மிகுதி. கணினி வழி ஆள்மாறாட்டம் செய்து ஏய்ப்போர்க்கு, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 3 ஆண்டு வரை சிறையும் 1,00,000 உருவா வரை ஒறுப்புத் தொகையும் வகுத்துள்ளது.

இக்காப்பில் மொழிக்கும் பங்குண்டு. புரியாத மொழியில் வரும் அரசு மடல், அதனைப் படிக்க இயலாதவரை முன்னமே அச்சத்தில் ஆழ்த்தி, ஏய்ப்பாளரின் பணியில் பாதியை முடித்து வைக்கிறது. எனவே வரி அறிவிப்பின் உறுப்புகளையும் ஆள்களப் பெயரின் அடுக்கையும் பள்ளிப் பருவத்திலேயே தமிழில் பயிற்றுதல், மொழிக்கு ஆற்றும் தொண்டு மட்டுமன்று. உழைத்து ஈட்டிய பொருளுக்கு இடும் வேலியுமாகும்.